மாட்டுங்காவின் பழைய கட்டிடங்களுக்கு வரிச் சலுகை கேட்பது எப்படி?

கேள்வி, சுருக்கமாக: மும்பையில் தமிழர் நிறைந்த மாட்டுங்காவில் ஒரே தெருவில் 1930களில் எழுந்த மூன்று கட்டிடங்கள். ஒன்று கூட்டுறவு சொசைட்டி, ஒன்று பகடி வாடகைதாரர்கள் (முன்தொகை கொடுத்துக் குறைந்த வாடகையில் நிரந்தரமாக இருப்பவர்கள்) இருக்கும் தனியார் கட்டிடம், ஒன்று அறக்கட்டளையுடையது. மூன்றுக்கும் பெரிய பழுது பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பாரம்பரியக் கட்டிடத்தைப் புதுப்பித்தால் செலவில் 20 சதவீதத்தை வரியில் கழித்துக்கொள்ளலாமாம். அதையே இங்கும் கொண்டுவரச் சொல்லி மத்திய நிதியமைச்சகத்துக்கு மனு தயாரிக்கிறோம், கையெழுத்தும் சேர்த்துவிட்டோம். மனுவில் என்னென்ன இருக்க வேண்டும்?

பதில்:

கையெழுத்துகளைப் பத்திரமாக வையுங்கள், மனுவை இன்னும் அனுப்பாதீர்கள். நீங்கள் கேட்கும் 20 சதவீதம் அப்படியே சட்டமானாலும் உங்கள் மூன்று கட்டிடங்களுக்கும் சேர்த்து அநேகமாக ஒரு ரூபாய்கூட வராது. கோரிக்கை நியாயமானதுதான். கேட்கும் கதவும் கேட்கும் வடிவமும்தான் பிசகு.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். நம் ஊர் மனுக்கள் பாதி இந்த இடத்திலேயே தடுமாறுகின்றன. வரிக் கழிவு வருமானத்திலிருந்து குறையும், வரி வரவு கட்ட வேண்டிய வரியிலிருந்தே குறையும். டாக்ஸ் கிரெடிட் என்பதைத்தான் இங்கே வரி வரவு என்கிறேன். உங்கள் சொசைட்டியில் ஒரு வீட்டுக்குப் பழுதுச் செலவில் 7 லட்சம் பங்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுத் தொகைக்கும் கழிவு கொடுத்தால், 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்குச் செஸ் சேர்த்து 2,18,400 ரூபாய் மிச்சம். கீழ் அடுக்குகளில் இருப்பவருக்கு அதைவிட மிகக் குறைவு. வரியே இல்லாதவருக்குப் பூஜ்யம். அதே 7 லட்சத்துக்கு 20 சதவீதம் வரவு என்றால், அந்த அளவு வரி கட்டுகிற எல்லோருக்கும் 1,40,000. ஆக, பெரிய சம்பளக்காரருக்குக் கழிவுதான் லாபம், நடுவில் இருப்பவருக்கு வரவு லாபம். 'வரவுதான் எப்போதும் பெரியது' என்று மனுவில் எழுதினால் எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரி ஒரே நிமிடத்தில் கணக்குப் போட்டு உங்களை மடக்கிவிடுவார்.

இனி உங்கள் தெருவுக்கு வருவோம். புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டு முதல் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்குத் தள்ளுபடி போக வரியே இல்லை. மாட்டுங்காவின் பழைய கட்டிடங்களில் குடியிருப்போரில் ஓய்வூதியக்காரர்கள் எத்தனை பேர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வரி கட்டாதவருக்கு வருமான வரியில் வரவு கொடுப்பது, சர்க்கரை நோயாளிக்கு லட்டு கொடுப்பது மாதிரி. அறக்கட்டளையின் வருமானத்துக்கு ஏற்கெனவே விலக்கு. உறுப்பினர்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் பணம் சொசைட்டிக்கு வருமானமே ஆகாது. மிச்சம் இருப்பது பகடிக் கட்டிடத்தின் உரிமையாளர். தமிழில் பகடி என்றால் கேலி. இந்தக் கட்டிடங்களின் வாடகை ரசீதைப் பார்த்தால் அந்தப் பொருளும் பொருந்தத்தான் செய்கிறது. 14 வீடு, தலைக்கு மாதம் 400 ரூபாய் என்றால் ஆண்டு வாடகை 67,200. மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999, ஆண்டுக்கு 4 சதவீதம்தான் உயர்த்த விடுகிறது. அந்த வருமானத்தை வைத்து 1 கோடி ரூபாய் பழுதுக்கு என்ன வரவை எடுத்துக்கொள்ள முடியும்?

சரி, அமெரிக்காவில் மட்டும் எப்படி நடக்கிறது? 1976-ல் வரிச் சட்டத்தில் தொடங்கிய சலுகை 1981-ல் 25 சதவீத வரவாகி, 1986-ல் 20 சதவீதமானது. 2017-ல் அந்த 20 சதவீதத்தை ஆண்டுக்கு 4 வீதம் ஐந்து ஆண்டுக்குப் பிரித்துக் கொடுப்பதாக மாற்றினார்கள். இன்றுவரை 45,000-க்கும் மேற்பட்ட கட்டிடங்கள் இதனால் பிழைத்திருக்கின்றன. ஆனால் அதன் உள்விதிகளை யாரும் நம் ஊர் மேடையில் சொல்வதில்லை. கட்டிடம் வருமானம் தருவதாக இருக்க வேண்டும்: கடை, ஆபீஸ், ஓட்டல், வாடகை வீடு. உரிமையாளர் தானே குடியிருக்கும் வீட்டுக்கு மத்திய வரவு கிடையாது. உங்கள் சொசைட்டிக் கட்டிடம் இந்த இடத்திலேயே அடிபட்டுப்போகும். அடுத்தது, 24 மாதத்துக்குள் செய்யும் செலவு, நிலத்தின் விலை நீங்கலாக அந்தக் கட்டிடத்தின் கணக்குப்படி அடக்கவிலையையோ 5,000 டாலரையோ, எது பெரிதோ அதைத் தாண்ட வேண்டும். வெறும் பெயின்ட் அடித்துவிட்டு வரவு கேட்க முடியாது என்பதற்காக வைத்த வேலி அது.

வேலை மூன்று கட்டமாக நடக்கிறது. கட்டிடம் பாரம்பரியமானது என்பதற்கான சான்று முதலில். செய்யப்போகும் வேலைக்கு முன் அனுமதி இரண்டாவது. முடிந்த வேலை அனுமதித்தபடியே இருக்கிறதா என்ற சான்று மூன்றாவது. தேசியப் பூங்காத் துறையும் மாநிலப் பாரம்பரிய அலுவலகமும் வேலையைப் பார்க்கின்றன, வரித்துறை பணத்தைப் பார்க்கிறது. பணம் வேலை முடிந்து கட்டிடம் பயன்பாட்டுக்கு வந்த பிறகுதான். ஐந்து ஆண்டுக்குள் விற்றாலோ கெடுத்தாலோ, முதலாண்டில் முழுவதையும், பிறகு ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைத்தும் திரும்பப் பிடுங்குவார்கள். விண்ணப்பங்கள் எங்கே விழுகின்றன என்பதைக் கவனியுங்கள்: பழைய மரச் சன்னலைப் பிடுங்கி அலுமினியம் வைத்தது, இரண்டாம் கட்ட அனுமதிக்கு முன்பே சுத்தியலை எடுத்தது, வேலைக்கு முந்தைய புகைப்படம் இல்லாதது. ஒரு பகுதி பிசகினாலும் முழுத் திட்டத்துக்கும் சான்று மறுக்கப்படலாம். 'சன்னலை மட்டும் விட்டுவிட்டு மற்றதற்குக் கொடுங்கள்' என்ற பேச்சு அங்கே செல்லாது.

வரியே இல்லாத உரிமையாளர் அங்கே என்ன செய்கிறார்? வரி கட்டும் ஒரு முதலீட்டாளரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்கிறார். வரவு கூட்டாளிக்குப் போகும், அவர் போட்ட பணம் கட்டிடத்துக்கு வரும். இதில் கூட்டாளி உண்மையான கூட்டாளியா, வரவை விலைக்கு வாங்கியவரா என்று 2012-ல் ஒரு பெரிய வழக்கில் நீதிமன்றம் கேட்டு வரவை மறுத்தது. அதன் பிறகு 2014-ல் வரித்துறையே பாதுகாப்பான வரம்பு என்னவென்று விதி எழுத வேண்டியிருந்தது. மிசௌரி மாநிலம் இந்தச் சுற்றுவழியே வேண்டாமென்று, 1998 முதல், தன் மாநில வரவைக் கைமாற்றி விற்கவே அனுமதிக்கிறது. நம் மூன்று கட்டிடங்களுக்கும் பொருந்தும் பாடம் மிசௌரியில்தான் இருக்கிறது, வாஷிங்டனில் இல்லை.

இந்தியாவில் இன்று என்ன இருக்கிறது என்பதையும் மனுவின் முதல் பக்கத்தில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் 'ஏற்கெனவே சலுகை உண்டே' என்று ஒரு வரியில் பதில் வரும். 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில் தேசியப் பண்பாட்டு நிதிக்குக் கொடுத்தால் 100 சதவீதம், அரசு அறிவித்த வரலாற்று முக்கியத்துவமுள்ள கோயில், மசூதி, தேவாலயம் போன்றவற்றின் பழுதுக்குக் கொடுத்தால் வரம்புக்குட்பட்டு 50 சதவீதம் கழிவு. 2026 ஏப்ரல் 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025-ம் ஆண்டுச் சட்டம். அதில் பிரிவு எண்கள் வேறு என்பதால் மனுவில் புதிய எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். இந்தக் கழிவு நன்கொடை கொடுப்பவருக்கு. தன் கட்டிடத்தைத் தானே காப்பாற்றுபவருக்கு இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்த தனிநபருக்கு அதுவும் இல்லை. கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, வரலாற்றுக் கட்டிடப் புனரமைப்பை சமூகப் பொறுப்புச் செலவில் சேர்க்கிறது. ஆனால் கம்பெனிகள் தேடிப் போவது பெயர்ப் பலகை வைக்கத்தக்க பெரிய நினைவுச் சின்னங்களை. கிங்ஸ் சர்க்கிள் பக்கத்து மூன்று மாடிக் கட்டிடத்தின் கக்கூஸ் குழாயை மாற்ற எந்தக் கம்பெனி வரும்?

இன்னொன்று, வலுவான வாதம் இது. வாடகை வருமானத்தில் 30 சதவீதம் நிலைக்கழிவாகக் கண்ணை மூடிக்கொண்டு கிடைக்கிறது. பழுதுக்கு ரசீது தேவையில்லை. ஒரு கரண்டிச் சுண்ணாம்புகூட வைக்காத உரிமையாளருக்கும் அதே 30, கூரையையே மாற்றியவருக்கும் அதே 30. பழுது பார்க்காமல் விடுவதற்கு நம் சட்டம் கொடுக்கும் பரிசு என்று இதை மனுவில் எழுதலாம், மிகையில்லை.

இப்போது ஜி.எஸ்.டி. உங்கள் மனுவின் முதுகெலும்பு இதுதான், உங்கள் கேள்வியில் அது இல்லவே இல்லை. பழுதுபார்ப்பு ஒப்பந்த வேலைக்கு வரி 18 சதவீதம். கட்டிக்கொண்டிருக்கும் புது ஃப்ளாட்டை வாங்கினால் 5 சதவீதம், மலிவு விலை வகை என்றால் 1 சதவீதம். நேர்மையாக ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: புது ஃப்ளாட்டில் பில்டருக்கு உள்ளீட்டு வரவு கிடையாது, அவர் சிமென்டுக்கும் கம்பிக்கும் கட்டிய வரி விலைக்குள் ஒளிந்திருக்கும். ஆகவே 18-க்கும் 5-க்கும் உள்ள இடைவெளி 13 என்று எழுதாதீர்கள். வித்தியாசம் உண்டு, அது அவ்வளவு பெரிதல்ல என்பதே உண்மை. பிரிட்டனில் இதே மாதிரி ஒரு விபரீதம் இருந்தது. பாரம்பரியக் கட்டிடத்தை அனுமதி வாங்கி மாற்றிக் கட்டினால் வரி பூஜ்யம், உள்ளபடி பழுது பார்த்தால் முழு வரி. 2012 அக்டோபரில் அதைச் சமன் செய்தார்கள், எப்படியென்றால் இரண்டுக்கும் முழு வரி போட்டு! சமன்பாடு கேட்கும்போது எந்தப் பக்கம் சமன் செய்ய வேண்டும் என்பதையும் தெளிவாகக் கேட்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கட்டிடத்தின் தகுதியுள்ள பழுதுச் செலவு, வரி நீங்கலாக, 80 லட்சம். அதற்கு ஜி.எஸ்.டி. 14.4 லட்சம். 20 சதவீத வரவு என்பது 16 லட்சம். அரசு உண்மையில் கையிலிருந்து கொடுப்பது 1.6 லட்சம், அதாவது 2 சதவீதம். மீதி, அந்த வேலையிலிருந்தே அது வாங்கிய வரி. இதை ஒரு சிறு அட்டவணையாக முதல் பக்கத்திலேயே போடுங்கள். நிதித்துறையில் முதல் கேள்வி எப்போதும் 'வருவாய் இழப்பு எவ்வளவு' என்பதுதான். மத்திய பட்ஜெட்டோடு வரிச் சலுகைகளால் போன வருவாயை ஒரு தனி அறிக்கையாகவே வெளியிடுகிறார்கள். அதிகாரியின் மறுப்பும் தயாராக இருக்கும்: 'சலுகை இல்லாவிட்டாலும் இந்தப் பழுதைச் செய்திருப்பார்களே, அப்போது 14.4 முழுதாக வந்திருக்குமே.' அதற்குப் பதில், அமெரிக்க விதி போல ஒரு குறைந்தபட்சச் செலவு வைப்பது. ஆண்டுப் பராமரிப்புக்கு வரவு இல்லை, ஒத்திப்போட்டுக்கொண்டே வந்த பெரிய பழுதுக்கு மட்டும் உண்டு. ரசீது இல்லாமல் ரொக்கமாக ஓடும் வேலையெல்லாம் பில்லுக்குள் வரும் என்பதையும் சேருங்கள். வரித்துறைக்கு அந்த மொழி பிடிக்கும்.

சரி, வரவை எந்த வரிக்கு எதிரே வைப்பது? வருமான வரி மத்திய அரசுடையது, மாநிலம் அதைத் தொட முடியாது. சொத்து வரிக்கு எதிரே வைக்கலாம் என்று எளிதாகத் தோன்றும். ஆனால் 2022 ஜனவரி முதல் மும்பையில் 500 சதுர அடிக் கார்ப்பெட் பரப்புவரை உள்ள வீடுகளுக்குச் சொத்து வரி இல்லை. பழைய கட்டிடங்களின் சின்ன வீடுகளுக்கு அங்கேயும் கழிக்க ஒன்றுமில்லை. எனவே என் பரிந்துரை வேறு. வேலை முடிந்து சான்று கிடைத்ததும் பி.எம்.சி. (மும்பை மாநகராட்சி) ரூபாய் மதிப்பிட்ட ஒரு வரவுச் சான்று கொடுக்கட்டும். அதை உங்கள் சொத்து வரியிலும் கழிக்கலாம், ஒரு முறை விற்கவும் செய்யலாம். வாங்குபவர் பில்டர், அவர் ஃபஞ்சிபிள் எஃப்.எஸ்.ஐ.க்கும் (எஃப்.எஸ்.ஐ. என்பது ஒரு மனையில் கட்டலாம் என்ற பரப்பு வரம்பு, ஃபஞ்சிபிள் என்பது அதற்கு மேல் காசு கட்டிப் பெறுவது) மற்றவற்றுக்கும் பி.எம்.சி.யில் கட்ட வேண்டிய பிரீமியத்தில் அதைக் கழித்துக்கொள்வார். மும்பைக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல. பாரம்பரியக் கட்டிடங்களுக்கு டி.டி.ஆர். (வேறிடத்தில் கட்டிக்கொள்ளும், விற்கத்தக்க உரிமை) கொடுத்து, அது சந்தையில் கைமாறுவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் டி.டி.ஆர். இழந்த எஃப்.எஸ்.ஐ.க்கு ஈடு, அதன் அளவுக்கும் நீங்கள் பழுதுக்குப் போட்ட செலவுக்கும் தொடர்பில்லை. பரப்பளவில் எழுதப்பட்டதால் சந்தையில் குவிந்தால் விலை விழும். ரூபாயில் எழுதிய சான்றுக்கு அந்த ஆட்டம் குறைவு.

பிரீமியத்தை அரசு விட்டுக்கொடுக்காது என்பார்கள். 2021-ல் மாநில அரசு ஓராண்டுக்கு எல்லாப் பிரீமியங்களையும் பாதியாகக் குறைத்தது, வாங்குபவரின் முத்திரைத் தீர்வையை பில்டர் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. புதுக் கட்டிடத்துக்குச் செய்ததைப் பழைய கட்டிடத்துக்குச் செய்யக் கேட்கிறோம், அதுவும் அதில் சிறு துளி. ஒரு நியாயமான சிக்கல் உண்டு: பிரீமியத்தை இழப்பதில் பங்கு பி.எம்.சி.க்கு, பழுது வேலையின் ஜி.எஸ்.டி.யில் பாதி மாநிலத்துக்கும் பாதி மத்திய அரசுக்கும் போகிறது. கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் வேறொருவர். 2017-ல் ஆக்ட்ராய் (நகருக்குள் வரும் சரக்குக்கான நுழைவு வரி) ஒழிந்ததற்காக மாநிலம் பி.எம்.சி.க்கு ஈட்டுத்தொகை கொடுக்கும் சட்ட ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. அதே குழாயில் இந்தத் தொகையையும் சேர்த்து விடச் சொல்ல வேண்டும். இந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் கோப்பு மாநகராட்சிக்கும் மந்த்ராலயாவுக்கும் (மாநிலத் தலைமைச் செயலகம்) நடுவில் பந்தாகிவிடும்.

யாருக்கு வரவு? பில் யார் பேரில், பணம் யார் வங்கிக் கணக்கிலிருந்து போனதோ அவருக்கு. பகடிக் கட்டிடத்தில் பெரும்பாலும் வாடகைதாரர்கள் பணம் போட்டு வேலை நடக்கும்; வரவு உரிமையாளருக்குப் போனால் அடுத்த பழுதுக்கு யாரும் காசு எடுக்க மாட்டார்கள். வேலை நடக்கும்போது குடியிருப்போர் வெளியே போக நேர்ந்தால் திரும்பி வரும் உரிமை எழுத்தில் இருக்க வேண்டும் என்பதையும் நிபந்தனையாக்குங்கள். சான்றை விற்ற பிறகு கட்டிடத்தைக் கெடுத்தால், வாங்கிய பில்டரிடம் போகாமல் அந்தக் கட்டிடத்தின் சொத்து வரிப் பாக்கியாக வசூலிக்கலாம் என்று இருந்தால்தான் சான்றுக்கு நல்ல விலை கிடைக்கும்.

எந்தக் கட்டிடங்களுக்கு? இங்கே உங்கள் தெருக்காரர்களே எதிரே நிற்பார்கள். இந்தியாவில் மும்பைதான் 1995-ல் நகர அளவில் பாரம்பரிய விதிகளை முதலில் கொண்டுவந்தது: முதல் தரம், 2ஏ, 2பி, மூன்றாம் தரம், கூடவே பாரம்பரிய வட்டாரங்கள். 2012-ல் பட்டியலை நீட்டும் வரைவு வந்தபோது மாட்டுங்கா, சிவாஜி பார்க் பக்கமெல்லாம் குடியிருப்போரிடமிருந்து எதிர்ப்பு கிளம்பியது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. மும்பை கட்டுமான விதிகளின் 33(7) விதிப்படி இடித்துக் கட்டினால் வாடகைதாரருக்குக் குறைந்தது 300 சதுர அடிச் சொந்த வீடு, லிஃப்ட், பார்க்கிங். பட்டியலில் சேர்ந்தால் தடை மட்டும், பணம் இல்லை. காரைக்குடிப் பக்கம் பங்களாக்களைப் பிரித்துத் தேக்குத் தூணும் நிலைக்கதவும் விற்கிறார்களே, அதே கணக்குதான்: உடைந்தால் காசு, நின்றால் செலவு. வரவு இந்தத் தராசில் எதிர்த்தட்டில் வைக்கும் ஒரு கல். பட்டியலில் தனியாகத் தரம் பெற்ற கட்டிடங்களோடு நிறுத்தாமல், ஒரு வட்டாரத்தின் தோற்றத்துக்குப் பங்களிக்கும் சாதாரணக் கட்டிடங்களையும், உரிமையாளர் விரும்பி எழுதிக்கொடுத்தால், சேர்க்கச் சொல்லுங்கள். பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் வகுத்த தாதர்–மாட்டுங்கா வட்டாரத்தின் அழகு தனித்தனிக் கட்டிடத்தில் இல்லை, ஒரே உயரத்தில் மரங்களுக்குப் பின்னால் நிற்கும் வரிசையில் இருக்கிறது. 2018-ல் யுனெஸ்கோ ஓவல் மைதானத்தைச் சுற்றி அங்கீகரித்ததும் ஒரு வரிசையைத்தான்: 94 கட்டிடங்கள்.

தொழில்நுட்ப இணைப்பு ஒன்று கட்டாயம். வரவு கொடுத்துக் கெடுதல் செய்ய வைக்கும் அபாயம் உண்டு என்பதால் இதை விரித்தே சொல்கிறேன். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டிய சுவருக்குள் ஈரம் வருவதும் போவதும் இயல்பு. சுண்ணாம்பு மூச்சு விடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தேங்குகிறது. உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லின் முகத்தைப் பொடியாக்குகிறது. வெளியே இரண்டு மழைக்காலம் பளபளப்பாக இருக்கும், தட்டிப் பார்த்தால் வெற்று ஒலி. பழைய சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுத்து, சுண்ணாம்பும் மணலும் 1:3, தேவையான இடத்தில் சுர்க்கி (செங்கல் பொடி) சேர்த்து, மெல்லிய அடுக்குகளாக, நனைத்து ஆறவிட்டுப் பூச வேண்டும். இது மெதுவாக இறுகும். அவசரப்படும் கான்ட்ராக்டர் வாளிக்கு ஒரு கரண்டி சிமென்ட் கலந்துவிடுவார். அதைப் பார்க்க ஆள் வேண்டும். மழையில் இந்த வேலை ஆகாது. அக்டோபரிலிருந்து மே வரைதான் பருவம், ஆகவே வரவு விதியில் 12 மாதக் கெடு வைத்தால் ஒரு பருவம் தவறினாலே எல்லோரும் தோற்பார்கள். 24 மாதம் கேளுங்கள்.

தேக்கு உத்தரங்கள் நடுவில் கல் மாதிரி இருக்கும். சுவருக்குள் போகும் முனை மட்டும் உளுத்திருக்கும். அதுவும் கக்கூஸ், குளியலறைப் பக்கம். நஹானி ட்ராப் (குளியலறைத் தரை வடிகால்) கசிவை நிறுத்தாமல் உத்தரத்தை மாற்றினால் புதியதும் பத்து வருடத்தில் போய்விடும். முனையை மட்டும் வெட்டி ஒட்டுப்போடுவதோ இரும்புத் தகடு வைத்துப் பிணைப்பதோ போதும். பெரும்பாலான எஸ்டிமேட்டில் 'எல்லா உத்தரமும் மாற்றம்' என்று எழுதுவது சோம்பல், சில சமயம் பழைய தேக்கின் மீது கண். 1930களின் கான்கிரீட் பால்கனிகள் வேறு கதை. கடற்காற்றின் உப்பும் கார்பனேற்றமும் கம்பியைத் துருவாக்க, துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். ஹாஃப்-செல் சோதனையில் (கம்பியின் மின்னழுத்தத்தை அளந்து துருவைக் கண்டுபிடிப்பது) செப்பு–செப்பு சல்ஃபேட் மின்முனைக்கு எதிராக மைனஸ் 350 மில்லிவோல்ட்டைவிடக் கீழே போனால் அங்கே துரு ஓடிக்கொண்டிருக்க 90 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு. பழுது பார்க்கும்போது கம்பிக்குப் பின்னாலும் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, தேய்ந்த கம்பிக்குத் துணைக்கம்பி கட்டி, பிறகே பாலிமர் மோர்ட்டார். முன்புறம் மட்டும் கொத்திப் பூசினால் பூச்சின் ஓரத்தில் புதுத் துரு தொடங்கும். இரண்டாம் வருடம் பக்கத்தில் விரிசல் தெரிவது இதனால்தான். இவற்றையெல்லாம் நாலு பக்கத் தரக்குறிப்பாக ஒரு பாரம்பரியக் கட்டிடக்கலைஞரும் ஒரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரும் கையெழுத்திட்டு இணைக்கட்டும்.

தகுதியுள்ள செலவு எது என்று சொல்வதும் அந்த இணைப்பில்தான். சுவர், கூரை, தளம், மாடிப்படி, சன்னல், குழாய், வயரிங், எஞ்சினியர் கட்டணம், சாரம், மாற்று வீட்டு வாடகை சேரட்டும். புது மாடி, பார்க்கிங், ஏ.சி., வீட்டுக்குள் போடும் மாடுலர் கிச்சன் வேண்டாம். லிஃப்ட் தகராறுக்குரியது. நான் சேர்ப்பேன்: எழுபது வயதுக்காரர் மூன்றாம் மாடி ஏற முடியாமல்தான் இடித்துக் கட்டச் சம்மதிக்கிறார். முகப்பைத் தொடாமல் பின்பக்கத்துச் சந்தில் வைப்பதாக இருந்தால் மட்டும்.

மனு போடுவதற்கு முன் தரவு. 30 வயது தாண்டிய கட்டிடத்துக்கு மும்பை மாநகராட்சிச் சட்டம் 353பி பிரிவின்படி ஸ்ட்ரக்சுரல் ஆடிட் வேண்டும். அறிக்கை கட்டிடத்தை சி-1 (காலி செய்து இடிக்க), சி-2ஏ, சி-2பி (பெரிய பழுது), சி-3 (சிறு பழுது) என்று வகைப்படுத்தும். சி-1 முத்திரையின் மீது சண்டை வந்தால் பி.எம்.சி.யின் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு தீர்க்கும். 1860களின் வார்ப்பிரும்புக் கட்டிடமான வாட்சன்ஸ் ஓட்டலில் 2019-ல் வாடகைதாரர்களை வெளியேற்றி, இடிப்பதா காப்பதா என்று வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. பழுதுக்குப் பணம் கொடுக்க யாருக்கும் காரணம் இல்லாத இடத்தில்தான் இப்படிப்பட்ட சண்டை வளரும். உங்கள் எஃப்-வடக்கு வார்டில் எத்தனை 353பி அறிக்கை வந்தது, எத்தனை கட்டிடம் சி-1, எத்தனைக்குப் பழுது அனுமதி, எத்தனைக்கு மறுகட்டுமான அனுமதி என்று தகவல் உரிமைச் சட்டப்படி ஆர்.டி.ஐ. போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாள் கெடு. மகாராஷ்டிர விதிப்படி ஒரு விண்ணப்பம் 150 சொல்லுக்குள், ஒரே பொருளைப் பற்றி இருக்க வேண்டும். நாலு கேள்வியையும் ஒன்றாகக் கட்டினால் திருப்பி அனுப்புவார்கள், நாலு விண்ணப்பமாகப் போடுங்கள்.

இப்போது கதவுகள். சான்று முறைக்கு மாநில நகர வளர்ச்சித் துறையும் பி.எம்.சி.யும். விதி மாற்றம் மகாராஷ்டிர வட்டார நகர திட்டமிடல் சட்டம், 1966, 37-வது பிரிவின் வழியே வரும். அறிவிப்பு வெளியானதும் ஆட்சேபணை, யோசனைக்கு ஒரு மாதம் கிடைக்கும். உங்கள் 400 கையெழுத்தோ 500 கையெழுத்தோ வேலை செய்யும் நேரம் அதுதான், இப்போது இல்லை. மந்த்ராலயாவுக்குப் போகும் மனு மராத்தியில் இருக்கட்டும். தமிழ்ச் சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் நல்ல மராத்தி வந்தால் படிக்காமல் வைக்க மாட்டார்கள். இன்டாக், யூ.டி.ஆர்.ஐ., ஆர்ட் டெக்கோ மும்பை போன்ற பாரம்பரிய, நகர ஆய்வு அமைப்புகளிடம் துணை கேளுங்கள். பக்கத்து பார்ஸி காலனி, இந்து காலனிச் சங்கங்களையும் சேருங்கள். தமிழர் கோரிக்கை என்று ஒதுக்கப்படாமல் வட்டாரக் கோரிக்கையாகும்.

மத்திய அரசிடம் வருமான வரி வரவு கேட்காதீர்கள் என்று சொல்லவில்லை. அதை இரண்டாவதாக வையுங்கள், சிறியதாகக் கேளுங்கள். பாரம்பரியச் சான்று பெற்ற பழுது வேலைக்கு ஜி.எஸ்.டி. குறைப்பு கேட்கலாம், அது ஜி.எஸ்.டி. கவுன்சிலில் முடிவாவதால் மகாராஷ்டிர நிதியமைச்சர் வழியாகப் போக வேண்டும். 2025 செப்டம்பரில் சிமென்டை 28-லிருந்து 18-க்குக் குறைத்தார்கள், அடுக்குகளை அசைக்க முடியும் என்பதற்கு அது அத்தாட்சி. வாடகை வருமானத்தின் 30 சதவீத நிலைக்கழிவோடு, ரசீது காட்டும் பாரம்பரியப் பழுதுக்குக் கூடுதல் கழிவும் கேளுங்கள். மத்திய பட்ஜெட் பிப்ரவரி 1. அதற்கான யோசனைகளை நிதியமைச்சகம் வழக்கமாக அக்டோபர், நவம்பரில் கேட்கும். பி.எம்.சி. பட்ஜெட்டும் பிப்ரவரியில்தான், மாநில பட்ஜெட் மார்ச்சில். டிசம்பரில் கொண்டுபோனால் புத்தகம் அச்சுக்குப் போயிருக்கும். ஆகவே ஜூனில் ஆர்.டி.ஐ., ஆகஸ்டில் தரவு, செப்டம்பரில் எஞ்சினியரின் தரக்குறிப்பு, அக்டோபர் முதல் வாரத்தில் மனு.

ஆண்டு உச்சவரம்பையும் நீங்களே முன்வையுங்கள். மொத்தத் தொகைக்கு ஒரு வரம்பு, ஐந்து ஆண்டில் மறுஆய்வு, அதில் பாதி 1 கோடிக்குக் குறைந்த திட்டங்களுக்கு ஒதுக்கீடு. ஒதுக்கீடு இல்லாவிட்டால் முதலில் வருபவருக்கு முதலில் என்று ஃபோர்ட் பக்கத்துப் பெரிய ஆபீஸ் கட்டிடங்கள் ஏப்ரலிலேயே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். அவர்களிடம் ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர், வக்கீல் எல்லாரும் சம்பளத்தில் இருக்கிறார்கள். உங்கள் சொசைட்டியில் கணக்கு எழுதுவதே ஓய்வுபெற்ற ஒரு வங்கிக்காரர்.

மனு எப்படிப் போனாலும், இந்த மழைக்கு முன் ஒரு வேலையை முடித்துவிடுங்கள். மூன்று கட்டிடத்தையும் தேதியோடு புகைப்படம் எடுங்கள்: நாலு முகப்பு, ஒவ்வொரு பால்கனியின் அடிப்பக்கம், மாடிப்படிக் கைப்பிடி, சன்னல் ஒவ்வொரு வகையிலும் ஒன்று, தரை டைல், மொட்டை மாடி, கக்கூஸ் பக்கத்துச் சுவர். படத்தில் எங்கிருந்து எடுத்தது என்று ஒரு வரைபடத்தில் அம்புக்குறி போட்டு எண் கொடுங்கள். கான்ட்ராக்டர் முதல் கொத்து வைத்துவிட்டால் இந்தப் படங்களைத் திரும்ப எடுக்க முடியாது.